ஃபில்டரில் விரல் ரேகை: துடைப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. கேமரா லென்ஸின் முன்னால் மாட்டுகிற 77 மி.மீ. சி.பி.எல். ஃபில்டர் (பிரதிபலிப்பைக் குறைக்கிற போலரைசர்), வாங்கி நான்கு மாதம் ஆகிறது. வீட்டு விசேஷத்தில் அக்கா பையன் லட்டு தின்ற கையோடு கண்ணாடியைத் தொட்டுவிட்டான். பழைய பனியன் துணியால் துடைத்தால் கறை போகாமல் பரவியது. ஹேண்ட் சானிடைசர் ஒரு சொட்டு விட்டுத் துடைத்தால் நெய்ப் பிசுக்கு போய், அதற்குப் பதிலாக வெள்ளையாக ஒரு படலம் நிற்கிறது. கோட்டிங் (ஒளி திரும்பி அடிக்காமலிருக்கக் கண்ணாடி மேல் போட்ட மெல்லிய பூச்சு) உரிந்துவிட்டதா, புதிதாக வாங்க வேண்டுமா? ஊரில் ஒரு பெரியவர் சொன்ன மாதிரி விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

கோட்டிங் உரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. புதிது வாங்கும் யோசனையை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். விபூதி வேண்டவே வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கல்யாண மண்டபங்களில் கேமராவோடு நிற்கிறவன் நான். அந்தக் காலத்தில் நான் கெடுத்த ஃபில்டர்களில் ஒன்றுகூடக் கறையால் கெட்டதில்லை. எல்லாமே நான் துடைத்துக் கெடுத்தவை.

முதலில் அந்த வெள்ளைப் படலம். சானிடைசர் கைக்காகச் செய்த பொருள். வெறும் ஆல்கஹாலைத் திரும்பத் திரும்பப் பூசினால் தோல் வறண்டு வெடிக்கும் என்பதால் அதில் கிளிசரின் சேர்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் கொடுத்த செய்முறையிலேயே 80 சதவீதம் எத்தனாலோடு 1.45 சதவீதம் கிளிசரின் உண்டு. கடையில் விற்கும் ஜெல்லில் கெட்டிப்படுத்துவதற்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று என்று இன்னும் கூடுதல். ஆல்கஹால் அரை நிமிடத்தில் பறந்துவிடும். கிளிசரின் பறக்காது, கண்ணாடியிலேயே தங்கிவிடும். நீங்கள் பார்க்கும் வெள்ளை அதுதான். கிளிசரின் தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் இது ஒரு பெரிய பிரச்சினையே இல்லை.

பனியன் துணி கறையைப் பரப்பியதற்கும் காரணம் இருக்கிறது. தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்க்கிறோமே, அது எதற்கு? எண்ணெய் கல் முழுக்க மெல்லியதாகப் படியட்டும் என்றுதான். உலர்ந்த துணியால் விரல் ரேகையைத் தேய்ப்பதும் அதே வேலை. துணி எண்ணெயை எடுப்பதில்லை, இடம் மாற்றுகிறது. பருத்தி ஓரளவு உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் உடம்பில் போட்ட பனியனில் ஏற்கெனவே வியர்வைப் பிசுக்கும், துவைத்த சோப்பின் மிச்சமும் இருக்கும். அது கண்ணாடிக்குக் கொடுப்பதுதான் அதிகம்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். விலை கூடிய ஃபில்டரில்தான் விரல் ரேகை பளிச்சென்று தெரியும். கோட்டிங் இல்லாத சாதாரணக் கண்ணாடி, தன் மேல் நேராக விழும் ஒளியில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கம், ஆக 8 சதவீதம். நல்ல மல்ட்டி கோட்டிங் அதை ஒரு சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிடும். ஒவ்வொரு அடுக்கின் கனமும் ஒளி அலையின் நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டது. மெக்னீசியம் ஃபுளோரைடு அடுக்கு என்றால் சுமார் 100 நானோமீட்டர், ஒரு தலைமுடியின் பருமனில் பல நூறில் ஒரு பங்கு. மேலே பட்டுத் திரும்பும் அலையும் கீழே பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போக வேண்டும் என்பதற்காக அந்தக் கனம். அதன் மேல் விரலின் எண்ணெய் ஓர் அடுக்காக உட்கார்ந்தால் கணக்கு கெட்டுவிடுகிறது. பச்சையும் ஊதாவுமாக மங்கலாக மின்ன வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒளி திரும்புகிறது. கோட்டிங் உரிந்துவிட்டதோ என்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். உரியவில்லை, மூடியிருக்கிறது.

கோட்டிங் பற்றிய பயம் நமக்குப் பழைய தலைமுறையிடமிருந்து வந்தது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் லென்ஸ் கண்ணாடியை யாரையும் தொட விடமாட்டார், அவரும் தொடமாட்டார். அவர் கையில் இருந்தவை அவருக்கும் மூத்த லென்ஸ்கள். ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-ல் இந்தப் பூச்சை உருவாக்கினார். அந்த ஆரம்ப காலப் பூச்சுகள் மிருதுவானவை, கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலே போய்விடும். இன்றைய பூச்சு கண்ணாடியோடு கெட்டியாகப் பிடித்திருக்கும், பல ஃபில்டர்களில் அதற்கும் மேலே தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாத ஒரு கடைசி அடுக்கும் உண்டு. தண்ணீர் விட்டால் தாமரை இலையில் மாதிரி முத்து முத்தாக உருளும். ஸ்மகுலாவுக்கு நாற்பது வருடம் முன்பே, 1890-களில், இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் ஒன்றைக் கவனித்தார். வருடக்கணக்கில் காற்றுப் பட்டு நிறம் மாறிப்போன பழைய லென்ஸ்கள், புதுசைவிடக் கூடுதலாக ஒளியை உள்ளே விட்டன. கண்ணாடியின் மேல் தானாக உண்டான அந்தக் 'கறை'தான் முதல் கோட்டிங் என்று சொல்லலாம். பையன் விரலில் இருந்த நெய்க்கு அந்த யோகம் கிடையாது.

கண்ணாடியில் கீறல் போடுவது எண்ணெய் அல்ல, மணல். கடற்கரை மணல், தெருப் புழுதி இரண்டிலும் குவார்ட்ஸ் துகள் நிறைய இருக்கும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடி ஐந்தரைக்குப் பக்கம். ஆகவே உங்கள் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் மாட்டினாலும் போதும், நீங்கள் கையில் பிடித்திருப்பது உப்புத்தாள்தான்.

இதை நான் தனுஷ்கோடியில் கற்றுக்கொண்டேன். ஒரு ஜோடிக்கு வெளிப்புறப் படப்பிடிப்பு, அரிச்சல்முனையில் காலை வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அங்கே காற்று எப்போதும் மணலையும் கடல் துளியையும் சேர்த்தே முகத்தில் அடிக்கும். லென்ஸுக்குக் காவலாக மாட்டியிருந்த யு.வி. ஃபில்டர் மேல் உப்புத் துளி காய்ந்து பனி படர்ந்த மாதிரி இருந்தது. அவசரத்தில் கழுத்தில் கிடந்த துண்டின் நுனியால் ஒரு சுற்று, இரண்டு சுற்று. 'நற' என்று ஒரு சத்தம் கேட்டது. இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. இரவு விடுதியில் டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியில் வட்ட வட்டமாகக் கோடுகள், பழைய இசைத்தட்டு மாதிரி. ஃபில்டர் போனது, லென்ஸ் பிழைத்தது. அந்த அளவில் ஃபில்டர் தன் கடமையைச் செய்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்று செய்திருக்க வேண்டியது, குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை அதன் மேல் மெதுவாகச் சாய்ப்பதுதான். உப்பு கரைந்து போயிருக்கும், மணலும் அதோடு ஓடியிருக்கும். தேய்க்கவே தேவையில்லை. யு.வி. ஃபில்டரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கழுவலாம் என்ற அந்தச் சின்ன வசதியைப் பெரும்பாலானோர் பயன்படுத்துவதே இல்லை.

உங்களுடையது சி.பி.எல். என்பதால் அதைக் குழாயடியில் காட்டக் கூடாது. அதற்குள் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒளியின் ஒரு திசை அதிர்வை மட்டும் விடுகிற வேலை அந்தப் படலத்துடையது. பொதுவாக அது பாலிவினைல் ஆல்கஹால் என்ற பொருளை இழுத்து நீட்டி அயோடின் ஏற்றியது. ஈரம் அதற்கு ஆகாது. விளிம்பு வழியாகத் தண்ணீரோ ஸ்பிரிட்டோ நுழைந்தால் ஓரத்திலிருந்து ஒட்டு விட்டு, வானவில் நிறத்தில் கறை பரவும். அதைத் துடைக்க வழியில்லை. உள்ளே வரும் ஒளியைக் கூட்டிக் குறைக்க உதவும் வேரியபிள் என்.டி. ஃபில்டர் என்பதும் இரண்டு போலரைசர்களை முதுகோடு முதுகு சேர்த்ததுதான், அதற்கும் இதே எச்சரிக்கை. அதன் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் தூசி போய்விட்டால் விட்டுவிடுங்கள். படத்தில் தெரியாது, பிரித்தால்தான் தொல்லை.

இனி உங்கள் ஃபில்டரைச் சுத்தம் செய்வோம். மின்விசிறியை நிறுத்துங்கள். துடைக்கத் துடைக்கத் தூசி வந்து உட்காருகிறதே என்று பலர் சலித்துக்கொள்வதற்குக் காரணம் தலைக்கு மேல் சுற்றுகிற விசிறி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். ஃபில்டரை லென்ஸிலிருந்து கழற்றி, மேஜையில் சுத்தமான துணி விரித்து அதன் மேல் வையுங்கள். சி.பி.எல்.லைக் கழற்றும்போது முன்வளையம் சும்மா சுற்றும், பின்னால் இருக்கும் மெல்லிய வளையத்தைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும்.

ரப்பர் ப்ளோயரை எடுத்து முதலில் காற்றிலேயே இரண்டு முறை அழுத்துங்கள், உள்ளே இருக்கும் தூசி வெளியே போகட்டும். பிறகு ஃபில்டரைத் தலைகீழாகப் பிடித்துக் கீழிருந்து ஊதுங்கள். உதிர்வது கீழே விழும், திரும்ப அதன் மேலேயே உட்காராது. வாயால் ஊதுவது வேண்டாம், கண்ணுக்குத் தெரியாமல் எச்சில் தெறிக்கும். வளையத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள இடுக்கில் மெல்லிய தூரிகை ஒன்றை ஒரு சுற்று ஓட்டி மறுபடி ஊதுங்கள். மணல் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். துணி அந்த ஓரத்தைத் தொட்டுத்தான் அதை நடுவுக்கு இழுத்து வருகிறது. விரலைத் தூரிகை முடியில் வைத்துப் பார்க்காதீர்கள், விரலின் எண்ணெய் அதில் ஏறி அடுத்த முறை கண்ணாடிக்குப் போகும்.

அடுத்தது கிளிசரின். டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்குங்கள், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற அதே தண்ணீர். பேட்டரிக் கடையில் ஆசிட்டும் அதே மாதிரிக் கேனில் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்பதற்குக் காரணம் உங்கள் வீட்டு வாளியின் ஓரத்திலேயே வெள்ளையாகப் படிந்திருக்கும். லென்ஸ் டிஷ்யூ ஒன்றையோ சுத்தமான மைக்ரோஃபைபர் துணியின் ஒரு மூலையையோ மடித்து, அதில் இரண்டு சொட்டு விடுங்கள். கண்ணாடியில் விடாதீர்கள், சொட்டு உருண்டு விளிம்புக்கு ஓடும். துணி ஈரமாக இருந்தால் போதும், பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு வேண்டாம். நடுவில் தொடங்கி, சின்ன வட்டம், பெரிய வட்டம் என்று ஓரம் வரை வந்து அங்கேயே துணியை எடுத்துவிடுங்கள். அழுத்தம் எவ்வளவு என்றால், குழந்தைக்குக் கண்மை வைக்கிற அளவு. ஓரத்தில் முடித்த துணியை மறுபடி நடுவில் வைக்கக் கூடாது. மடிப்பைத் திருப்பிப் புது இடத்தை எடுங்கள். ஒரு துணியை நான்காக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும், கஞ்சத்தனம் வேண்டாம்.

வெள்ளை போன பிறகு மிச்சமிருப்பது நெய்யும் விரல் எண்ணெயும். அதற்குத்தான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கைப்பேசி பழுது பார்க்கிறவர்கள் ஐ.பி.ஏ. என்பார்கள். சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும், மற்ற ஊர்களில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளில். 99 சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மருந்துக் கடை 70 சதவீதமும் ஆகாது என்றில்லை, தண்ணீர் கலந்திருப்பதால் மெதுவாகக் காயும், சில சமயம் கோடு விடும், அவ்வளவுதான். ஆனால் 'சர்ஜிக்கல் ஸ்பிரிட்' என்று வாங்கிவிடாதீர்கள். சில வகைகளில் தோலுக்காக விளக்கெண்ணெய் சேர்ப்பார்கள். சானிடைசர் கதையே மறுபடி நடக்கும். ஊசி போடும் முன் தேய்க்கிற ஆல்கஹால் ஸ்வாப் ஓர் அவசரத்துக்குப் பரவாயில்லை.

மறுபடி அதே முறைதான்: புது டிஷ்யூ, ஒரே ஒரு சொட்டு, நடுவிலிருந்து ஓரம். ஐ.பி.ஏ.வுக்கு ஓர் அவசரக் குணம் உண்டு, பத்து விநாடியில் பறந்துவிடும். எண்ணெயைக் கரைத்துக் கையில் கொடுக்கும், நீங்கள் அந்தப் பத்து விநாடிக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கத் தவறினால் கரைந்த எண்ணெய் அதே கண்ணாடியில் மெல்லிய ஏடாகப் படியும். 'ஸ்பிரிட் போட்டும் போகவில்லை' என்கிறவர்கள் அத்தனை பேரும் ஒரே டிஷ்யூவை வைத்துக்கொண்டு பத்து முறை தேய்த்தவர்கள். ஒரு சொட்டு, ஒரு சுற்று, டிஷ்யூவைத் தூக்கிப் போடு, அடுத்தது. மூன்றாவது டிஷ்யூவில் பெரும்பாலும் முடிந்துவிடும். கடைசியாக உலர்ந்த மைக்ரோஃபைபரால் மெதுவாக ஒரு சுற்று.

போய்விட்டதா என்று பார்க்க அறை விளக்கை அணைத்து, கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. இல்லையென்றால் கண்ணாடியில் 'ஹா' என்று மெல்ல மூச்சு விடுங்கள். பனி மறையும்போது எண்ணெய் இருக்கிற இடம் மட்டும் தனியாக வேறு வேகத்தில் மறையும், ரேகையின் வளைவுகூடத் தெரியும். மூச்சு ஈரத்தாலேயே துடைத்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. லேசான தடத்துக்கு அது போதும், நெய்க்குப் போதாது. உப்புக் காற்றிலோ புழுதியிலோ நின்றுகொண்டு அதைச் செய்யாதீர்கள், ஊதாமல் துடைக்கிற ஆசை அதோடுதான் வரும்.

மற்ற வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண யு.வி., ஒற்றைக் கண்ணாடி என்.டி. இரண்டையும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் மெல்லத் தடவிக் குழாயில் கழுவலாம். கடைசி அலசல் மட்டும் டிஸ்டில்டு வாட்டரில். பிறகு உதறி, செங்குத்தாக நிறுத்திக் காயவிடுங்கள். வளையத்தின் திருகில் ஈரம் இருக்கிறபோதே லென்ஸில் மாட்டக் கூடாது. சதுரமாகச் சட்டத்தில் செருகுகிற ஃபில்டர்களில் பல கண்ணாடியே அல்ல, ரெசின். கண்ணாடியைவிட மிக எளிதாகக் கீறும், அசிட்டோன் பட்டால் கெடவும் வாய்ப்பு உண்டு. தண்ணீரும் சோப்பும் போதும். பழைய ஸ்டுடியோ அலமாரியில் ஜெலட்டின் ஃபில்டர் கிடைத்தால் தண்ணீர், ஸ்பிரிட் எதுவுமே கிட்டே வரக் கூடாது. ஊதலாம், அவ்வளவுதான்.

இப்போது விபூதி. பெரியவர் சொன்னது பொய்யில்லை. அரிக்கேன் விளக்குச் சிம்னியில் கரி படிந்தால் விபூதியோ அடுப்புச் சாம்பலோ போட்டுத் துடைத்தால் பளபளக்கும், நானே சிறு வயதில் செய்திருக்கிறேன். சாம்பல் எண்ணெயை உறிஞ்சும், நுண்ணிய துகளால் தேய்த்தும் எடுக்கும். சிம்னியில் கோட்டிங் கிடையாது, கீறல் விழுந்தாலும் வெளிச்சம் வரும். உங்கள் ஃபில்டர் சிம்னி இல்லை. இதே காரணத்துக்காகப் பற்பசையும் கூடாது. கைப்பேசித் திரையின் கீறலைப் பற்பசை போட்டு மறைக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஃபில்டரில் செய்து பார்த்தவர்களை எனக்குத் தெரியும். கோட்டிங்கை வட்டமாக வழித்து எடுத்துவிட்டு, 'பளபளன்னு ஆயிடுச்சு' என்றார்கள். ஆயிருக்கும், கோட்டிங் போன கண்ணாடி பளபளக்கத்தான் செய்யும்.

நகப்பூச்சு அகற்றும் திரவம் வேண்டாம். வளையத்தின் கறுப்புப் பூச்சையும் எழுத்தையும் கரைத்துக் கண்ணாடி மேல் இழுத்து வரும், அதில் எண்ணெயும் வாசனையும் வேறு. வீட்டு ஜன்னல் துடைக்கிற நீல ஸ்ப்ரே ஜன்னலுக்கு மட்டும். சிலவற்றில் அம்மோனியா உண்டு, பளபளப்புக்காகச் சேர்த்தது கண்ணாடியில் தங்கும். முகம் துடைக்கிற டிஷ்யூ மரக்கூழில் செய்தது, பஞ்சு உதிரும். சிலவற்றில் மூக்கு எரியாமலிருக்க லோஷன் தடவியிருப்பார்கள். கேனில் அடைத்த காற்று சாய்த்துப் பிடித்தால் சில்லென்ற திரவத்தைத் துப்பும். லென்ஸ் பென் மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. அதன் நுனியில் உள்ள கரித்தூள் லேசான விரல் ரேகையை அழகாக எடுத்துவிடும், வேலை நடுவில் சட்டைப் பையிலிருந்து எடுக்கலாம். ஆனால் ஊதாமல் வைத்தால் மணல் நுனியிலேயே பதிந்து, அதற்குப் பிறகு தொடுகிற எல்லாக் கண்ணாடியிலும் கோடு போடும்.

நம் ஊர்க் கல்யாணத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் சில கறைகள் உண்டு, வெளிநாட்டுக் கையேடுகளில் இவை இருக்காது. வாசலில் பன்னீர் தெளிப்பவர் கேமராக்காரனைப் பார்த்தால் கூடுதல் அன்போடு தெளிப்பார். சொட்டு காய்ந்தால் வட்டக் கறை, டிஸ்டில்டு வாட்டர் போதும். சந்தனம் நம் விரலிலிருந்தே போகும். வரவேற்புத் தட்டில் தொட்டுக்கொண்டு, அடுத்த நிமிடம் மூடியைக் கழற்றுவோம். அது காய்ந்த பிறகு துகள், ஆகவே ஊதித் தூரிகையால் தள்ளிவிட்டு, பிறகு ஈரம். மஞ்சள் அரிசி அட்சதையும் குங்குமமும் அதே கணக்கு. குங்குமத்தை ஈரத் துணியால் முதலில் தொட்டுவிடாதீர்கள், இடுக்கெல்லாம் சிவந்துவிடும். ஹோமப் புகைதான் கண்ணுக்குத் தெரியாத கள்ளன். நெய்யும் கரியும் சேர்ந்த மெல்லிய படலம், ஒரு முகூர்த்தம் முழுக்க அக்கினிக்கு எதிரில் நின்றால் படங்களில் கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பலாக வெளுக்கும். வீட்டுக்கு வந்து ஐ.பி.ஏ. போட்டால் டிஷ்யூ பழுப்பாகும். மணமேடையிலேயே செய்ய வேண்டாம். ஐ.பி.ஏ.வின் ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கக் கூடியது, நம் மண்டபத்தில் அதைவிட எவ்வளவு சூடு என்று உங்களுக்கே தெரியும்.

குற்றாலத்துச் சாரல் போன்ற இடங்களில் சொட்டை அப்படியே காயவிடாமல், துணியின் நுனியால் ஒற்றி எடுங்கள். காய்ந்து உப்புக் கறையாகிவிட்டால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த டிஷ்யூவை அதன் மேல் சில நிமிடம் போர்த்தி வையுங்கள். சி.பி.எல். என்றால் ஓரத்தைத் தொடாதபடி சிறியதாக மடித்து.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். பத்துத் தூசியும் அரை விரல் ரேகையும் பெரும்பாலான படத்தில் தெரியவே தெரியாது. ஃபில்டரின் மேல் உள்ளது லென்ஸ் குவிக்க முடியாத அளவுக்கு வெகு அருகில் இருப்பதால் உருவமாகப் பதியாது, மங்கலாகத்தான் கலையும். அகலக் கோண லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை எஃப் 16 வரை மூடினால் சில சமயம் புள்ளியாக வரும். எண்ணெய்க் கறை தன்னைக் காட்டிக்கொடுப்பது எதிர் வெளிச்சத்தில்: சூரியனோ மண்டபத்து விளக்கோ எதிரே இருக்கும்போது படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெளுக்கும். இரவில் தெருவிளக்கிலிருந்து நீளக் கீற்று கிளம்பினால், யாரோ ஒரே திசையில் எண்ணெயை இழுத்துத் துடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். துடைத்த கோட்டுக்குக் குறுக்கே கீற்று நிற்கும். கைப்பேசிக் கேமராவில் இதை இன்றிரவே பார்க்கலாம். ஆகவே தினமும் துடைக்கிற வழக்கம் வேண்டாம். தினமும் ஊதுங்கள், கறை கண்டால் மட்டும் துடையுங்கள்.

மைக்ரோஃபைபர் துணியைத் தனியாக, மென்மையான சோப்பில் கையால் துவைத்து நன்றாக அலசுங்கள். துணிக்கு மணம் தருகிற கண்டிஷனரில் முக்கிவிட்டால் அந்தத் துணி அதோடு முடிந்தது. மென்மைக்காக நூலில் பூசுகிற அதே கொழுப்பு கண்ணாடிக்கு வரும். மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டால் புழுதியைச் சேகரித்துக்கொண்டு இறங்கும், வீட்டுக்குள்ளேயே போடுங்கள். கீழே விழுந்த துணியை உதறிவிட்டுப் பயன்படுத்தாதீர்கள், துவைத்த பிறகுதான். ஃபில்டரை அதன் பெட்டியிலேயே போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழைக்காலத்தில் ஈரத்தோடு லென்ஸில் மாட்டி மாதக்கணக்கில் பையில் அடைத்தால் இரண்டுக்கும் நடுவில் பூஞ்சை வந்துவிடும், அதற்கு இந்த வைத்தியம் எதுவும் செல்லாது.

இதெல்லாம் செய்த பிறகும் உங்கள் ஃபில்டரில் டார்ச் ஒளியில் மயிரிழைக் கோடுகள் நின்றால், அவை பனியன் துணி போட்டவை. மூச்சு விட்டாலும் அதே இடத்தில் இருக்கும், ஸ்பிரிட்டுக்கும் அசையாது. அவற்றைப் போக்க முயலாதீர்கள். ஃபில்டரோடும் ஃபில்டர் இல்லாமலும் ஒரு விளக்கை எதிரே வைத்து இரண்டு படம் எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் நிம்மதியாக இன்னும் பல வருடம் ஓட்டலாம்.

திரும்ப மாட்டும்போது ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பின்வளையத்தைப் பிடித்து, முதலில் கழற்றுகிற திசையில் மெதுவாகத் திருப்புங்கள். திருகு சரியான இடத்தில் இறங்கும்போது 'டக்' என்று கைக்குத் தெரியும், அதற்குப் பிறகு எதிர்த்திசையில் முறுக்குங்கள். கோணலாக மாட்டிச் சிக்கிக்கொண்டால் வளையத்தை இறுக்கிப் பிடித்துத் திருப்பாதீர்கள். பிடிக்கப் பிடிக்க அது முட்டை வடிவமாகி இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பேண்டைச் சுற்றிப் போட்டு, உள்ளங்கை முழுவதையும் சமமாக வைத்துத் திருப்புங்கள், வந்துவிடும்.